அங்கிள், ஸ்பெக்ஸ் கழட்டிருங்க!

கல்யாண மேடை ஃப்ளாஷுக்கு ஏற்றது குடையா, சாஃப்ட்பாக்ஸா? இந்தக் கேள்விக்கு முடிவு சொல்லிவிடுவது என்றுதான் உட்கார்ந்தேன். அதற்குள் வேறொரு கோபம் முந்திக்கொண்டது. போன ஞாயிற்றுக்கிழமை மச்சினன் மகனுடைய ரிசப்ஷன். அங்கே வாங்கிய வெளிச்சம் இன்னும் கண்ணுக்குள் பச்சை வட்டமாக மிதக்கிறது. அது கரைந்தால் கோபமும் கரைந்துவிடும், ஆகவே சூட்டோடு எழுதிவிடுகிறேன்.

மேடையில் மணமக்கள் இரண்டு பேர், விளக்குகள் ஐந்து. இடப்பக்கம் வெள்ளைக் குடை. வலப்பக்கம் எட்டு மூலைப் பெட்டி. அதற்கு ஆக்டாபாக்ஸ் என்று பெயர். பெண்ணின் கொண்டைக்குப் பின்னால் ஒன்று. வீடியோக்காரர் தலைமேல் எல்.இ.டி. பலகை ஒன்று. போதாக்குறைக்கு கேமராவின் உச்சியில் ஒரு ஃப்ளாஷ், அதன்மேல் கவிழ்த்த பிளாஸ்டிக் டப்பா. கீழே நாம். வரிசையில் முன்னால் இரண்டு குடும்பம் பாக்கி இருக்கும்போதே சிரிப்பைத் தயார் செய்துகொள்கிறோம். படியேறுவதற்குள் அது ஆறிப்போகிறது. முன்னால் நிற்கும் குடும்பம் பெரியவர்களோடு ஒன்று, பெரியவர்கள் இல்லாமல் ஒன்று, பேரன் மடியில் ஒன்று, பேரன் அழ அழ ஒன்று என்று நான்கு படம் எடுத்துக்கொள்கிறது. பந்தியில் இலை போட்டாகிவிட்டது என்று யாரோ வந்து காதில் சொல்கிறார்கள். இருந்தாலும் வரிசையை விட்டு நகர்கிறோமா? மாட்டோம். நாளைக்கு ஆல்பத்தில் நாம் இல்லையென்றால் நாம் வரவே இல்லை என்று ஆகிவிடும்.

ஃப்ளாஷுக்கு ஒரு கணக்கு உண்டு. விளக்கிலிருந்து ஐந்தடியில் நிற்பவருக்குக் கிடைக்கும் வெளிச்சத்தில் கால் பங்குதான் பத்தடியில் நிற்பவரைப் போய்ச் சேரும். அன்றைக்கு வலப்பக்க விளக்கு பாட்டரி தீர்ந்து படுத்துவிட்டது. எங்கள் வீட்டுக்காரர்கள் பன்னிரண்டு பேர் வரிசையாக நின்றோம். குடைப்பக்கம் நின்ற பெரிய மாமா மூக்கு இருக்கும் இடமே தெரியாமல் வெளுத்திருக்கிறார். மறுகோடியில் நின்ற சின்ன மாமாவின் பல் மட்டும் படத்துக்கு வந்திருக்கிறது. இரண்டு பேரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான் என்று சம்பந்தி வீட்டாரிடம் சத்தியம் செய்ய வேண்டியிருக்கிறது.

இதுகூடப் பரவாயில்லை. நான் சொல்ல வந்தது வேறு.

மேடையேறி, மாப்பிள்ளையின் கையைக் குலுக்கி, மொய்க்கவரை வலது கைக்கு மாற்றிக்கொண்டு நிமிர்ந்தேன். போட்டோகிராஃபர் தம்பி குரல் கொடுத்தார்: “அங்கிள், ஸ்பெக்ஸ் கழட்டிருங்க. ரிஃப்ளெக்‌ஷன் அடிக்குது.”

கண்ணாடி அடிக்கும்தான், இல்லையென்று சொல்லவில்லை. கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கரைச் சுண்டிய எவருக்கும் இதன் சூட்சுமம் தெரியும்: எந்தக் கோணத்தில் போய் மோதுகிறதோ அதே கோணத்தில்தான் திரும்பும். விளக்கு என் மூக்குக்கு நேர் உயரத்தில் நின்றால் வெளிச்சம் என் கண்ணாடியில் பட்டு கேமராவுக்கே திரும்பிப் போகும். விளக்கை இன்னும் உயரத்துக்கு ஏற்றிவிட்டால் அது கீழ்ப்பக்கமாகச் சரிந்து, தரைவிரிப்பில் விழுந்து, யாருக்கும் தொந்தரவில்லாமல் கிடக்கும். அதுவும் முடியாதா? கண்ணாடியின் காதுக்கம்பியை ஒரு விரற்கடை தூக்கிவிட்டால் சில்லு லேசாகக் கீழே பார்க்கும், வேலை முடிந்தது. அந்தக் காலத்தில் எங்கள் ஊர் ஸ்டூடியோக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து வெளியே வருவார். இரண்டு விரலால் காதோரக் கம்பியை மெல்லத் தூக்கி வைப்பார். “அசையாம இருங்க” என்று சொல்லிவிட்டு மறுபடி துணிக்குள் போய்விடுவார். அவரிடம் இருந்தது இரண்டே இரண்டு பல்பு.

இன்றைக்கு மேடையில் ஐந்து விளக்கு, அவற்றைப் பிடிக்க மூன்று பையன்கள், ஒவ்வொரு விளக்குக்கும் ரிமோட். இவ்வளவில் ஒன்றைக்கூட நகர்த்த மாட்டார்களாம். நகர வேண்டியது என் மூக்கின்மேல் இருப்பது!

அமெரிக்கா சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். 2016 நவம்பர் முதல் அந்த நாட்டு விசாவுக்குக் கொடுக்கும் படத்தில் கண்ணாடி கூடாது. கழட்டினால் விசாவாவது கிடைக்க வாய்ப்பு உண்டு. இந்தத் தம்பி எனக்கு என்ன தரப்போகிறார்?

தமிழ்நாட்டை ஆண்ட முதல்வர்களில் ராஜாஜி, எம்.ஜி.ஆர்., கலைஞர் என்று மூன்று பேர் கறுப்புக் கண்ணாடிக்காரர்கள். அவர்களுக்கு அடிக்காத ஃப்ளாஷா? ‘தலைவரே, கொஞ்சம் கழட்டிருங்க’ என்று எந்தப் போட்டோகிராஃபராவது வாய் திறந்திருப்பாரா? அவர்களுடைய கண்ணாடிக்கு இருந்த மரியாதையில் நூற்றில் ஒரு பங்கு போதும் எனக்கு.

சரி, கழட்டினேன். எங்கே வைப்பது? ஒரு கையில் கவர், மறுகையில் வெற்றிலைப் பாக்குப் பை. சட்டைப்பையில் போட்டால் அடுத்த ஆள் கட்டித் தழுவும்போது நொறுங்கிவிடும். விளக்குப் பையனிடம் கொடுத்தேன், அவன் அதைக் குடைக்கம்பியில் மாட்டினான். என் பவர் மைனஸ் ஆறு. கழட்டிய நொடியில் மேடை மஞ்சள் மூட்டமாகிவிட்டது. பட்டு வேட்டி கட்டிய ஒருவரிடம் மொய்க்கவரை நீட்டினேன், அவரும் மறுக்காமல் வாங்கிக்கொண்டார். அவர் மாப்பிள்ளைத் தோழன் என்று என் மனைவி அப்புறம்தான் சொன்னாள். “ஏங்க, மாப்பிள்ளை கோட்டு சூட்டுல இல்ல இருந்தாரு!”

கேமரா எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. வெளிச்சம் வந்த பக்கமாகச் சிரித்தேன். இந்த நவீன ஃப்ளாஷ்கள் படம் எடுப்பதற்குச் சற்று முன்னால் ஒரு குட்டி வெளிச்சம் அடித்து அளவு பார்த்துக்கொள்கின்றன. பெரிய வெளிச்சம் கண் இமை அசைவதற்குள் முடிந்துவிடும், அதனால் ஆபத்தில்லை. குட்டிக்கு மூடிக்கொண்ட கண்தான் பெரியதில் பதிவாகிறது. ஆக, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் படம் வந்துவிட்டது: கண் மூடி, மூக்கில் இரண்டு பக்கமும் கண்ணாடி அழுத்திய பள்ளம், பார்வை குடையை நோக்கி. சிங்கப்பூரிலிருந்து கொழுந்தியாள் கேட்டிருக்கிறாள், “மண்டபத்து மேனேஜரா?”

எனக்குத் தாங்க முடியாதது ஒன்று உண்டு. அந்த எட்டு மூலைப் பெட்டியை எதற்கு வாங்குகிறார்கள்? மணப்பெண்ணின் கருவிழியில் வட்டமாக ஒரு வெளிச்சப் பொட்டு விழ வேண்டும், அப்போதுதான் முகத்துக்கு உயிர் வரும் என்று. அதே பொட்டு என் கண்ணாடியில் விழுந்தால் குற்றம்!

வெளிச்சத்துக்காக மெனக்கெட்டவர்கள் உலகத்தில் இல்லாமல் இல்லை. 1887இல் ஜெர்மனியில் மக்னீசியம் கலந்த ஃப்ளாஷ் பொடி வந்தபோது, நியூயார்க் சேரிகளின் இருட்டறைகளைப் படமெடுக்க ஜேக்கப் ரீஸ் என்ற பத்திரிகைக்காரர் அதைக் கையிலெடுத்தார். இரண்டு முறை வீட்டைக் கொளுத்தியதாகவும் ஒரு முறை தன்னையே கொளுத்திக்கொண்டதாகவும் அவரே எழுதியிருக்கிறார். சத்யஜித் ரேயின் ‘அபராஜிதோ’வுக்காக (1956) காசி வீட்டு முற்றத்தைக் கல்கத்தாவில் செட்டாகப் போட்டார்கள். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்கை அதில் மோதவிட்டுத் திருப்பினார். அந்த முற்றத்தின் வெளிச்சத்தை நிஜ ஆகாயம் என்றே பார்த்தவர்கள் நினைத்தார்கள். ஒருவர் வீட்டைக் கொளுத்தினார், ஒருவர் துணி கட்டினார். இரண்டு பேரும் விளக்குப் பக்கம்தான் வேலை பார்த்தார்கள்.

நம் மண்டபத்திலோ மேலே ரோஸ் நிற ஜாலர்த் துணி. ஃப்ளாஷை அதில் மோதவிட்டால் எல்லோரும் ரோஸ் மில்க் நிறத்தில் வருவோம் என்று தம்பிக்குத் தெரிந்திருக்கிறது. அந்த விவரத்துக்கு அவரைப் பாராட்டுகிறேன்.

இந்தச் சாமான் மோகம் எனக்கும் உண்டு. ஐந்து நிறத்தில் மாறும் ரிஃப்ளெக்டர் ஒன்று வாங்கினேன். பையிலிருந்து எடுத்ததும் படாரென்று விரிந்து டம்ளரைத் தட்டிவிட்டது, திரும்ப மடங்கவில்லை. மடக்கும் விதத்தை யூடியூபில் ஒரு பையன் காட்டுகிறான். அவன் கைக்கு மடங்குகிறது. எங்கள் வீட்டில் அது பீரோவுக்குப் பின்னால் விரிந்த கோலத்தில் நிற்கிறது. துடைக்கும்போதெல்லாம் மனைவி என்னை ஒரு பார்வை பார்க்கிறாள். ஆனால் அதற்காக எந்த விருந்தாளியின் கண்ணாடியையும் நான் கழட்டச் சொன்னதில்லை.

ஆகவே, கண்ணாடி அணிந்த பெருமக்களே! ஆவணி முகூர்த்தங்கள் வருகின்றன. மேடையில் யார் கழட்டச் சொன்னாலும் கழட்டாதீர்கள். “தம்பி, ஸ்டாண்டை ஏற்றுங்க” என்று சொல்லிவிட்டு அப்படியே நில்லுங்கள். பின்னால் வரிசை நீண்டால் நீளட்டும். திருகைத் தளர்த்தி, கம்பியை ஒரு முழம் மேலே இழுத்து, மறுபடி இறுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை, பத்து விநாடி ஆகும்.