தாத்தா ரைஃபிளுக்குப் புதுக் கட்டை போடுவோர் கவனத்துக்கு

முதலில் வீட்டில் இருப்பது என்ன ஆயுதம் என்று பாருங்கள். பேரையூர், உசிலம்பட்டிப் பக்கம் காட்டுப்பன்றியிடமிருந்து கடலையைக் காக்க வாங்கிய, வாய்வழியே மருந்து கெட்டிக்கும் ஒற்றைக்குழல் என்றால், இந்த யோசனைகள் உங்களுக்கு இல்லை. அதன் கட்டையை முன்னோர்கள் கம்பியால் சுற்றிச் சுற்றி, மரம் எங்கே முடிகிறது என்றே தெரியாதபடி ஆக்கியிருப்பார்கள். அதை அப்படியே விடுங்கள்.

நாம் பேசுவது பெரிய வீட்டு ரைஃபிளைப் பற்றி. தாத்தா படத்துக்குக் கீழே தொங்குமே, அது. பெரும்பாலும் .315 ஆக இருக்கும். ராணுவம் சுட்ட .303 தோட்டா தனியார் கைக்குப் போகக் கூடாது என்று வெள்ளைக்காரன் வைத்த விதி, அவன் போன பிறகும் போகவில்லை. ஆகவே வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையில் அதே லீ-என்ஃபீல்டு இயந்திரத்துக்கு 8 மில்லிமீட்டர் தோட்டாவைப் பொருத்தி, வேட்டைத் துப்பாக்கி என்று பெயரிட்டு விற்றார்கள். 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டையும் போனது. பேர் மட்டும் மிச்சம்.

சுடாத துப்பாக்கியின் கட்டை எப்படிக் கெடும் என்று கேட்கக் கூடாது. சுட்டால்கூட இவ்வளவு கெடாது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பீரோ மேலிருந்து விழும். கரையான் தேடி வரும். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அப்பிய சந்தனமும் குங்குமமும் மரத்தில் ஊறி, எந்த எண்ணெய்க்கும் போகாத நிறத்தில் உட்கார்ந்திருக்கும். போதாக்குறைக்கு அக்னி நட்சத்திரம். வைகையே மணலாகிக் கிடக்கும் ஊரில் மரம் மட்டும் ஈரத்தை எங்கே வைத்துக்கொள்ளும்? சுருங்கும், திருகு தளரும், தூக்கினால் லொடலொடக்கும்.

அடுத்து, ஆசாரியைக் கூப்பிடலாம் என்று தோன்றும். தேக்குக் கதவு, ஊஞ்சல் பலகை, தேர்ச் சிற்பம்வரை செய்த கை. இது என்ன பிரமாதம் என்பார். கூப்பிடாதீர்கள். 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, துப்பாக்கி செய்வதற்கு மட்டுமல்ல, பழுது பார்ப்பதற்கும் லைசென்ஸ் கேட்கிறது. உங்களிடம் இருப்பது வைத்துக்கொள்ளும் லைசென்ஸ். ஆசாரியிடம் இருப்பது இழைப்புளி. இரண்டையும் கூட்டினாலும் பழுது பார்க்கும் லைசென்ஸ் வராது. அமெரிக்காவில் லீ-என்ஃபீல்டுக்கென்றே கறுப்பு பிளாஸ்டிக்கில் கட்டை வார்த்து விற்கிறார்கள் என்று அங்கிருக்கும் மருமகன் படம் அனுப்புவார். நன்றி சொல்லிவிட்டு அத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள். துப்பாக்கியின் உறுப்பும் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கிதான். இறக்குமதிக்கு வேறு லைசென்ஸ்.

எனவே லைசென்ஸ் உள்ள துப்பாக்கிப் பட்டறை. அங்கே நீங்கள் வேடிக்கை பார்க்கலாம், ஆனால் விவரம் தெரிந்தவராகப் பார்க்கலாம். லீ-என்ஃபீல்டுக்கு ஒரே மரம் கிடையாது. தோளில் வைக்கும் பின்கட்டை வேறு, குழலைத் தாங்கும் முன்கட்டை வேறு. பின்கட்டையின் வயிற்றுக்குள் ஒரு நீள போல்ட் ஓடும். பழைய பிறவிகளில் அதன் நுனி சதுரமாக முன்கட்டைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். ஆகவே முன்கட்டையைக் கழற்றிய பிறகே பின்கட்டையைத் தொட வேண்டும். அவசரக்காரர் ஸ்க்ரூட்ரைவரை விட்டு முதலில் போல்ட்டைத் திருகினால் முன்கட்டை பிளக்கும். அதுவரை ஒரு கட்டைக்குத்தான் செலவு, இப்போது இரண்டுக்கு.

பின்கட்டையில் நீளமும் உண்டு. பட்டாளத்தில் சாதாரணம், நீளம், குட்டை என்று அரை அங்குல வித்தியாசத்தில் கொடுத்தார்கள். நீளத்துக்கு எல், குட்டைக்கு எஸ் என்று மரத்தில் முத்திரை இருக்கும். தாத்தா ஆறடி என்பது குடும்ப ஐதீகம். கட்டையில் எஸ் இருந்தால் யாரிடமும் காட்ட வேண்டாம்.

வேலை முழுதும் முன்கட்டையில்தான். இரும்பு பின்னால் உதைக்கும்போது அந்த உதையைத் தாங்குவது, விசைக்கு அருகே மரத்தில் இருக்கும் இரண்டு சிறு முகங்கள். அவை இரும்போடு ஒட்டி உட்கார வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தொட்டால் குண்டு ஒரு பக்கம் போகும். இரண்டும் தொடாவிட்டால் மரம் பிளக்கும். இஷாப்பூர்க்காரர்கள் இந்தப் பிளவுக்குப் பயந்தே முன்கட்டைக்குக் குறுக்கே ஒரு திருகை முடுக்கி அனுப்பினார்கள். எங்கே இடிக்கிறது என்று பார்க்க, இரும்பில் விளக்குக் கரியைப் பூசி மரத்தில் வைத்து எடுப்பார்கள். கரி ஒட்டிய இடத்தை மட்டும் சீவுவார்கள். மறுபடி கரி, மறுபடி சீவல். அதுபாட்டுக்கு நாள் கணக்கில் போகும். ‘இன்னும் கொஞ்சம் சீவுங்களேன்’ என்று நீங்கள் சொல்லாமல் இருந்தால் அதுவே பெரிய உதவி. சீவிய மரத்தை ஒட்ட முடியாது. பிறகு உப்புத்தாள், ஆளி விதை எண்ணெய், காயவைத்தல். வார்னிஷ் அடித்துத் தரச் சொல்லும் ஆசை எல்லோருக்கும் வரும். பளபளப்பு வேண்டுமென்றால் பூஜை அறைக் கதவுக்கு அடித்துக்கொள்ளுங்கள்.

துப்பாக்கி வீடு திரும்பியதும் பேரனின் காதணி விழா ஃபிளெக்ஸில் அதைத் தோளில் வைத்து நிற்கத் தோன்றும். வானத்தைப் பார்த்து ஒன்று சுட்டால்தான் என்ன என்று பந்தியில் ஒருவர் கேட்பார். 2019 திருத்தச் சட்டப்படி, பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி கொண்டாட்டத்தில் சுட்டால் 2 வருடம்வரை சிறை, அல்லது 1 லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும். மொய்ப்பணம் அதற்குப் போதாது.

எண்ணெய் சரியாகக் காய்வதற்குள் தேர்தல் அறிவிப்பு வரும். மதுரையில் தேர்தல் சித்திரையைத் தேடி வருவது வழக்கம். 2019இல் திருவிழாவும் வாக்குப்பதிவும் முட்டிக்கொண்டு, இங்கு மட்டும் இரவு 8 மணிவரை ஓட்டுப் போடச் சொன்னார்கள். லைசென்ஸ் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லி ஆள் வருவார். புதுக் கட்டையில் கீறல் படாமல் வேட்டியில் சுற்றி எடுத்துப் போங்கள். வால்நட் மரம், கை வேலை என்று ரைட்டரிடம் விளக்குங்கள், ரசீதில் அதையும் குறிக்கச் சொல்லுங்கள். அவர் தலையாட்டிவிட்டு எண்ணை மட்டும் எழுதுவார். எண் இரும்பில் இருக்கிறது.