கோல்ப் பார்க்கும் முறை: திடலிலா, திரையிலா? திருகோணமலைத் துறைமுகப் பகுதியை முன்வைத்து ஓர் ஆய்வு

பெரிய கோல்ப் போட்டியொன்றை நேரில் போய்ப் பார்ப்பது மேலா, வீட்டுக் கதிரையில் இருந்து தொலைக்காட்சியில் பார்ப்பது மேலா என்ற வினா தமிழில் இன்றுவரை முறையாக ஆராயப்படவில்லை. கண்ணகியா மாதவியா என்று தலைமுறை தலைமுறையாக மேடைபோட்டு வழக்காடிய பட்டிமன்ற நடுவர்களும் இதைத் தொடாமலே போய்விட்டார்கள். பல்கலைக்கழகங்களின் மௌனம் அதைவிடப் பெரிது. இந்த வெற்றிடத்தை நிரப்பும் பொறுப்பு, வேறு வேலை இல்லாத காரணத்தால், இக்கட்டுரையாளரின் தலையில் விழுந்தது.

ஆய்வெல்லையை முதலில் வரையறுப்போம். கிழக்கே பிரட்றிக் கோட்டை, வடக்கே உப்புவெளி, தென்மேற்கே சீனக்குடா, நடுவில் உட்துறைமுகம். இந்த எல்லைக்குள் கோல்ப் பார்க்கிறவர் தொகை குறைவு என்பதை ஆய்வின் குறைபாடாகக் கொள்ளக்கூடாது. மாதிரி சிறுத்தால் முரண்பாடு குறையும். ஒருவரே இருந்தால் முரண்பாடே இல்லை.

“திருகோணமலைக்கும் கோல்புக்கும் என்ன தொடுப்பு?” என்று கேட்பவர்கள் சீனக்குடாவை அறியாதவர்கள். இலங்கை விமானப்படை அங்கே ‘ஈகிள்ஸ் கோல்ப் லிங்ஸ்’ என்ற 18 குழித் திடலை வைத்திருக்கிறது. பிரித்தானியர் விட்டுப்போன எண்ணெய்த் தாங்கிகளும் பிரிமா மாவாலையும் உள்ள அதே சீனக்குடாவில்தான் வெட்டிச் சீவிய புல்லும் இருக்கிறது. வரலாற்று ஆதாரமோ இதைவிட வலிது. 1942 ஏப்ரல் 9, வியாழக்கிழமை காலையில் ஜப்பானியக் கடற்படை விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் குண்டுவீசித் தாக்கின. அதே திகதியில், பல மணித்தியாலங்கள் கழித்து, அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்து அகஸ்டாவில் மாஸ்டர்ஸ் கோல்ப் போட்டியின் முதற்சுற்று தொடங்கியது. பைரன் நெல்சனும் பென் ஹோகனும் சமநிலையில் முடித்து, 13ஆம் திகதி மறுபடியும் 18 குழி ஆடி, நெல்சன் ஒரே ஓர் அடியால் வென்றார். பிறகு 1943 முதல் 1945 வரை யுத்தத்தால் போட்டி இல்லை. அந்தப் புகழ்பெற்ற புல்லில் மாடு மேய்ந்தது. (பஸ் நிலையத்தில் புள்ளிமான் திரியும் ஊரவர்களுக்கு இது புதினமில்லை.) எதையும் நேரில் பார்ப்பதே சிறப்பு என்று பொதுப்படச் சொல்கிறவர்கள் அந்த வியாழக்கிழமையை ஒருக்கால் யோசிக்க வேண்டும். அன்றைக்கு நேரடிக் காட்சி கிடைத்தது நம்மூரவர்களுக்குத்தான். யாரும் கைதட்டவில்லை.

இனி ஒளியியல். கோல்ப் பந்தின் விட்டம் விதிப்படி 42.67 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. சாதாரண மனிதக் கண் பிரித்தறியும் மிகச் சிறிய கோணம் ஒரு பாகையில் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கு. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், பந்து 147 மீற்றரைத் தாண்டியதும் அதன் உருவம் கண்ணுக்குப் பிடிபடாது. மிஞ்சுவது ஒரு வெள்ளைப் புள்ளி, அதுவும் வானம் வெளுக்காமல் இருந்தால். தொழில்முறை வீரர்களோ முதல் அடியிலேயே 270 மீற்றர் அளவில் கொண்டுபோய்ப் போடுகிறார்கள். பாதிவழியிலேயே பந்து பார்வையாளரிடம் விடைபெற்றுவிடுகிறது. ஆனாலும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கும் ஆயிரக்கணக்கானோர் ஒன்றாகத் தலை தூக்கி, ஒரே திசையில் திருப்பி, “ஆகா” என்கிறார்கள். பந்தைப் பார்த்துச் சொல்லும் ஆகா அல்ல அது. முன்னால் நிற்பவரின் நாடி எந்தப் பக்கம் திரும்பியது என்று பார்த்துச் சொல்லும் ஆகா.

எண்கணிதமும் திடலுக்குப் பாதகமாகவே இருக்கிறது. பிரித்தானிய ஓப்பன் போட்டியில் 156 பேர் இறங்குகிறார்கள். இரண்டு சுற்றின் பின் 70 பேரளவில் மிஞ்சுகிறார்கள். ஆளுக்கு ஒரு சுற்றுக்கு 71 அடி என்று வைத்தால் நான்கு நாளில் ஏறக்குறைய 32,000 அடிகள். தனக்குப் பிடித்த ஒரு வீரரின் பின்னாலேயே நான்கு நாளும் நடப்பவர் பார்ப்பது இதில் 280 அடி. நூற்றில் ஒன்றுகூட இல்லை. ஓர் அடிக்கு இரண்டு விநாடி என்று தாராளமாகக் கொடுத்தாலும், ஒரு நாளில் ஐந்து மணித்தியாலம் நடந்து, இரண்டரை நிமிடத்துக்கும் குறைவான ஆட்டம். இக்கணக்கைத் துறைமுகத்தில் நெடுங்காலம் வேலைசெய்து ஓய்வுபெற்ற தகவலாளர் ஒருவரிடம் விளக்கியபோது அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார்: “தம்பி, அவன் பந்தைத் தேடி நடக்கிறான், அது சரி. இவங்கள் என்னத்துக்கு நடக்கிறாங்கள்?” கோல்ப் பற்றிய நூல்கள் எவையும் இந்தக் கேள்விக்கு விடை சொல்லவில்லை.

திணைக் கோட்பாடு ஓரளவு கைகொடுக்கிறது. கோல்ப் திடலில் மேடு உண்டு, மரக்கூட்டம் உண்டு, புல்வெளி உண்டு, குளம் உண்டு, மணற்குழி உண்டு. ஐந்து நிலமும் நூற்றைம்பது ஹெக்ரேயருக்குள் அடங்கிவிட, ஒரு திணையிலிருந்து மறு திணைக்கு நடந்தே போகலாம். ஆனால் உரிப்பொருள் ஒன்றுதான்: பிரிதல். பந்து பிரிகிறது, ஆட்டக்காரர் பந்தின் பின்னால் போகிறார், உதவியாளர் பையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போகிறார், பார்வையாளர் கயிற்றோரம் நின்று முதுகைப் பார்க்கிறார். வீட்டிலிருப்பவரின் உரிப்பொருள் இருத்தல். நள்ளிரவுக்குப் பின் வீட்டிலுள்ள மற்றவர்களுடையது ஊடல்.

தொலைக்காட்சித் தரப்பினர் இவ்வளவையும் படித்துவிட்டுத் துள்ளவேண்டாம். திரை காட்டுவதெல்லாம் உண்மையல்ல. மாஸ்டர்ஸ் முதன்முதலில் 1956இல் ஒளிபரப்பானபோது கடைசிச் சில குழிகளை மட்டுமே காட்டினார்கள். இறுதிச் சுற்றில் முன்னணி வீரர்களின் 18 குழிகளும் திரைக்கு வர 2002 ஆகிவிட்டது. 2000ஆம் ஆண்டில் சீபீஎஸ் நிறுவனம் கோல்ப் ஒளிபரப்பில் பறவைக் குரல்களைப் பதிவுநாடாவிலிருந்து கலந்துவிட்டது. அந்தக் காலத்தில் அந்தப் பிரதேசத்தில் இருக்கவே முடியாத குருவி எப்படிப் பாடியது என்று பறவை அவதானிகள் கேட்க, நிறுவனம் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. குருவிக்கே இந்தக் கதி என்றால் மேடு பள்ளத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அகஸ்டாவின் பத்தாம் குழியில் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஏறத்தாழ 100 அடி இறக்கம். திரையில் அது கொஞ்சம் சரிந்த புல்வெளி மாதிரித்தான் தெரியும். அங்கே முதல்தடவை போய்வந்தவர்கள் எல்லோரும் சொல்லும் முதல் வாக்கியம், இவ்வளவு மேடு என்று தெரியவே தெரியாது என்பதுதான். பந்தைக் குழிக்குள் உருட்டப் பட் அடிக்கிறவர் ஏன் குழியை விட்டுவிட்டு வேறெங்கோ குறிவைக்கிறார் என்பது அந்தச் சரிவில் காலால் நின்றவருக்கு விளங்கும். கதிரையில் இருப்பவருக்கு அவர் ஒரு பைத்தியம்.

திரைக்கு உள்ள மிகப் பெரிய பலம் இதுவரை எவரும் குறிப்பிடாதது. கோல்ப் வர்ணனையாளர்கள் குசுகுசுக்கிறார்கள். தூரத்தில் ஓர் அறைக்குள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தாலும், ஆட்டக்காரரின் காதுக்கு எட்டிவிடும் போல அடக்கிப் பேசுகிறார்கள். கிரிக்கெட்டோ உதைபந்தாட்டமோ என்றால் விடியற்காலையில் வீட்டில் பார்க்க முடியாது, பிள்ளைகள் எழும்பிவிடும். கோல்பைப் பார்க்கலாம். அகஸ்டாவுக்கும் திருகோணமலைக்கும் ஏப்ரலில் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம் என்பதால் இந்தக் குசுகுசுப்பின் சமூகப் பயன் அளவிடற்கரியது.

இதற்குச் சிறந்த சான்று 2025. மாஸ்டர்ஸ் இறுதிச் சுற்று அங்கே ஏப்ரல் 13, ஞாயிறு பின்னேரம். இங்கே அது சித்திரைப் புத்தாண்டு விடியும் திங்கட்கிழமை. றோரி மக்கில்ரோய் 18ஆம் குழியில் ஐந்தடி அளவிலான பட் ஒன்றைத் தவறவிட்டு, ஜஸ்ரின் றோஸுடன் சமநிலைக்கு வந்து, மேலதிகக் குழியில் வென்று முழங்காலில் விழுந்தபோது நமக்கு விடிய நாலே முக்கால் மணியளவில். நான்கு பெரும் போட்டிகளையும் வென்ற ஆறாவது ஆளானார். பஞ்சாங்கப்படி அது புண்ணியகாலம்: மருத்துநீர் வைத்துத் தலைமுழுக வேண்டிய நேரம். தலையில் மருத்துநீர் வழிய வழியத் திரையைப் பார்க்கும் பாக்கியம் அகஸ்டாவில் நின்றவர்கள் எவருக்கும் வாய்த்திருக்க நியாயமில்லை. அவர்களில் பலருக்கு, முன்னால் நின்றவரின் தொப்பிதான் வாய்த்திருக்கும்.

அப்படியானால் திரையே மேல் என்று முடித்துவிடலாமா? அவசரம் கூடாது. அகஸ்டாவில் பார்வையாளர் கைத்தொலைபேசி கொண்டுபோகக்கூடாது. ஓடக்கூடாது. பெரிய திரை எதுவும் கிடையாது. புள்ளிப் பலகையில் கையால்தான் எண் மாற்றுகிறார்கள். காலையில் மடக்குக் கதிரையை விரித்து வைத்துவிட்டு எங்கேயும் போகலாம், திரும்பி வரும்போது அது அங்கேயே இருக்கும். (இந்த ஒரு தகவலைத்தான் நமது தகவலாளர்கள் எல்லோரும் நம்ப மறுத்தார்கள்.) மரியாதையும் பலமானது. அங்கே கூடியவர்களை நேரடி ஒளிபரப்பில் ‘கும்பல்’ என்ற பொருள்படச் சொன்னதற்காக ஜாக் விற்றேக்கர் என்ற வர்ணனையாளர் 1966க்குப் பிறகு சில ஆண்டுகள் அந்தப் பக்கமே அழைக்கப்படவில்லை. இப்படிக் கண்ணையும் கைத்தொலைபேசியையும் கட்டிப்போட்ட இடத்தில் ஆட்டம் எப்படிப் போகிறது என்று அறிவது எப்படி? காதால்தான். மரக்கூட்டத்துக்கு அப்பால் ஓர் ஆரவாரம் எழும்பும். எந்தத் திசை, எவ்வளவு நேரம், எந்தத் தொனி என்று கேட்டு, இன்ன குழியில் இன்னார் இன்னது செய்தார் என்று பழகியவர்கள் சொல்லிவிடுவார்கள். சில நிமிடம் கழித்துப் புள்ளிப் பலகையில் எண் மாறும், அதற்கும் ஓர் ஆரவாரம். தொலைக்காட்சி இந்த இடைவெளியைத் தின்றுவிடுகிறது. சத்தமும் காட்சியும் ஒன்றாக வந்துவிடுவதால் ஊகிக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை.

ஆகவே இந்த ஆய்வு இரு தரப்பும் கவனிக்காத ஓர் உண்மையை முன்வைக்கிறது. கோல்பைப் பார்ப்பதற்குத் திரை. திடலுக்குப் போவது பார்ப்பதற்கே அல்ல, கேட்பதற்கு.

இந்த வகையில் துறைமுகப் பகுதியார் உலகின் எந்தக் கோல்ப் பார்வையாளருக்கும் குறைந்தவர்கள் அல்லர். உட்துறைமுக வீதியில் பின்னேரம் வாங்கில் இருப்பவர்களைக் கவனித்தால் விளங்கும். கோதுமை ஏற்றிவந்த கப்பல் சீனக்குடாப் பக்கம் திரும்ப எடுக்கும் நேரத்தில் ஒரு வீரர் மூன்று குழி முடித்துவிடுவார். இவர்கள் அசையமாட்டார்கள். குடாவில் வரும் வள்ளத்தின் இயந்திரச் சத்தத்தைக் கேட்டே யாருடைய வள்ளம், மீன் பட்டிருக்கிறதா இல்லையா என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். மூதூர்ப் படகு பிந்தினால் ஏன் பிந்தியது என்று காற்றை மோந்து சொல்லும் ஒருவரையும் சந்தித்தோம். அவர் சொன்னது பிழைத்துப்போனது, ஆனால் முறை சரியானது. தூரம், தாமதம், பெரும்பாலும் ஒன்றும் நடவாமை, நடந்தது எதுவென்று சத்தத்தால் ஊகித்தல். அகஸ்டாவில் சீட்டுக் குலுக்கி ஆள் எடுக்கிறார்கள். தகுதி பார்த்து எடுத்திருந்தால் திருகோணமலையிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆள் போயிருக்கும்.

நடைமுறைப் பரிந்துரை இதுதான். வசதி உள்ளவர்கள் பெரும் போட்டிக்குப் போவதானால் பயிற்சி நாட்களில் போகவேண்டும். சரிவுகளைக் காலால் அளக்கலாம், அகஸ்டா என்றால் ஒன்றரை டொலருக்கு, ஏறத்தாழ 450 ரூபாவுக்கு, ஒரு சாண்ட்விச் கிடைக்கும். கொத்துரொட்டியைவிட மலிவு. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்துவிடவேண்டும். விசாவும் காசும் இல்லாதவர்கள் இரவுத் தபால் ரயிலில் கொழும்புக்குப் போகலாம். 1879இல் தொடங்கிய றோயல் கொழும்பு கழகத்தின் திடலுக்கு ஊடாகக் களனிவெளி ரயில் பாதை போகிறது. ரயில் வந்தால் ஆட்டக்காரர்கள் பொறுத்து நிற்பார்கள், அகஸ்டாவில் காசு கொடுத்தாலும் காணமுடியாத காட்சி. இந்தியத் தொழில்முறைத் தொடரில் வென்று பெயரெடுத்த நம் நாட்டு வீரர் என். தங்கராஜா போன்றோர் ஆடும் நாளென்றால், முதுகுக்குப் பதில் முகத்தையே பார்க்கலாம், அவ்வளவு கிட்ட. அதற்கும் வழியில்லாதவர்களுக்குப் பிரித்தானிய ஓப்பன் இருக்கிறது: நமக்கும் அவர்களுக்கும் யூலையில் நாலரை மணித்தியாலமே வித்தியாசம், ஞாயிறு இரவு பதினொரு மணியளவில் முடிந்துவிடும், புட்டும் சொதியும் ஆறுவதற்குள் இல்லாவிட்டாலும் வீட்டார் பொறுமை ஆறுவதற்குள்.

மாஸ்டர்ஸுக்கு மட்டும் அயலவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஏப்ரல் மாதத்து ஒரு திங்கள் விடியற்காலை, நாலரை மணிபோல, பக்கத்து வீட்டில் வெளிச்சம் தெரிந்து திடீரென்று “ஐயோ” என்று சத்தம் கேட்டால், ஓட்டோ பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஏற்ற ஓடிவரவேண்டாம். யாரோ ஐந்தடி பட் ஒன்றைத் தவறவிட்டிருப்பார்.