கார்டு மட்டும் மாற்றுகிறவர்

இவரை அடையாளம் காண்பது சுலபம். இவர் வீட்டு சிபியூவுக்கு இடது பக்க மூடி இருக்காது. அது பீரோவுக்குப் பின்னால் சாய்ந்து நின்று எட்டு மாதம் ஆகியிருக்கும். கேட்டால், "மூடினா திரும்பக் கழட்டணுமே" என்பார்.

எங்கள் குடியிருப்பில் இவருக்குப் பெயர் கார்டு சார். 2012-இல் வாங்கிய மூன்றாம் தலைமுறை ஐ5 கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார். "புதுசு எதுக்கு? கிராபிக்ஸ் கார்டு மட்டும் மாத்தினா இன்னும் அஞ்சு வருஷம் ஓடும்" என்பது அவர் கட்சி. 'மட்டும்' என்ற சொல்லை இவ்வளவு நம்பியவரை நான் பார்த்ததில்லை.

ஒரு சனிக்கிழமை ரிச்சி தெருவுக்குப் போனார். 2022 செப்டம்பரில் எத்தீரியம் காசுக்காகக் கார்டு ஓட்டுகிற பிழைப்பு நின்றபின், இரவு பகலாக உழைத்துக் களைத்த கார்டுகள் பழைய சரக்காக வந்து குவிந்திருந்தன. கார்டு சார் மாப்பிள்ளைக்கு விசாரிப்பதுபோல விசாரித்தார்.

"மைனிங்ல ஓடினதா?"

"சேச்சே, டாக்டர் வீட்டுப் பையன் வச்சிருந்தது சார்."

பழைய காரோ பைக்கோ கார்டோ, முதல் உரிமையாளர் எப்படியோ டாக்டராகவே அமைந்துவிடுகிறார்.

மதர்போர்டு ஸ்லாட் தருவது 75 வாட்ஸ்தான். 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு அதுவே போதும், தனி ஒயர் வேண்டாம். பேசாமல் அதை வாங்கியிருக்கலாம். அவர் வாங்கியதோ இரண்டு ஃபேன் வைத்து, எட்டு பின் ஒயர் கேட்கிற ரகம். பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த ஒயரே கிடையாது. புது எஸ்எம்பிஎஸ் வந்தது. கார்டின் வால் ஹார்ட் டிஸ்க் கூண்டில் இடித்தது. ஹாக்சா பிளேடு வந்தது. ஆன் செய்தால் ஒரு நீள பீப், இரண்டு குட்டை பீப். மகளின் பென்சில் ரப்பரைப் பிடுங்கி, கார்டின் தங்கப் பற்களைத் தேய்த்து மாட்டினார். பீப் அடங்கியது. படம்? மானிட்டரில் இருப்பது விஜிஏ, கார்டில் எச்டிஎம்ஐ. மானிட்டரும் வந்தது.

கோவணத்தைக் கடித்த எலிக்காகப் பூனை, பூனைக்காகப் பசு என்று சம்சாரியாகிப்போன சாமியாருக்காவது கொஞ்சம் பால் கிடைத்தது.

அடுத்து, "பாட்டில்நெக் ஆகுது" என்று ராத்திரி போனில் யாரிடமோ புலம்பியிருக்கிறார். ப்ராசஸர் கார்டுக்கு ஈடுகொடுக்கவில்லையாம். அவர் மனைவி காதில் பாட்டில் வரைக்கும்தான் விழுந்தது. மறுநாள் காலை அலமாரிகள் சோதனையிடப்பட்டன.

சரி, இத்தனைக்கும் பிறகு என்ன கேம் ஆடுகிறார்? ஒன்றும் இல்லை. ஃபர்மார்க் என்றொரு சோதனை மென்பொருள் உண்டு. அதைப் போட்டால் ரோமம் முளைத்த வளையம் ஒன்று திரையில் சுற்றும். சவரம் செய்யாத மெதுவடை மாதிரி. வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காபிக்கு முன்னால் இந்த வடைதான். ஓரத்தில் ஓடும் எண்ணைக் காட்டி, "எழுபத்திரண்டு டிகிரிதான்!" என்பார், பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கிய தகப்பன் குரலில்.

போன வாரம் நானும் வடை பார்த்தேன். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு நின்றுவிட்டதே, விண்டோஸ் 11 இந்த ப்ராசஸரை ஏற்காதே என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மோவாயைத் தடவினார்.

"அப்போ மதர்போர்டு மட்டும் மாத்தினா போதும்."

ஆகவே வாசகர்கள் கவனத்துக்கு: டிடிஆர்3 மெமரி இரண்டு, தலா 4 ஜிபி, விரைவில் விலைக்கு வரும். முதல் உரிமையாளர் டாக்டர் அல்ல.