தமக்குத் தாமே!

கேள்வி: பாப்டிஸ்ட் சபையைத் தொடங்கியவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தது யார்?
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: அவரேதான்! இங்கிலாந்தின் அரசுச் சபையோடு ஒத்துப்போகாமல் ஆம்ஸ்டர்டாமுக்குப் போனவர் ஜான் ஸ்மித். விவரம் தெரியாத குழந்தைக்குக் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது, விசுவாசித்து வருபவருக்கே கொடுக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். அப்படியானால் தமக்குச் சின்ன வயதில் கொடுத்ததும் செல்லாதே! 1609-ல் தமக்குத் தாமே கொடுத்துக்கொண்டு, பிறகு தாமஸ் ஹெல்விஸ் முதலானவர்களுக்கும் கொடுத்தார். கொஞ்ச நாளில் 'நாம் செய்தது முறைதானா?' என்று அவருக்கே சந்தேகம். ஏற்கெனவே விசுவாசிகளுக்கே ஞானஸ்நானம் கொடுத்துவந்த மென்னோனைட் சபையில் சேர மனுப் போட்டார். மனு பரிசீலனையில் இருக்கும்போதே, 1612-ல் போய்ச் சேர்ந்துவிட்டார்.

கேள்வி: முழுக்கு ஞானஸ்நானம் அன்றைக்கே உண்டா?
(வாசகி, தூத்துக்குடி)

பதில்: இல்லை. முதலில் தண்ணீரை ஊற்றியதோடு சரி. லண்டன் பாப்டிஸ்ட்டுகள் ஆளையே முக்கியெடுக்கத் தொடங்கியது 1640-களில்தான். நனையவே முப்பது வருஷம்!

கேள்வி: பாப்டிஸ்ட்டுகளால் உலகத்துக்கு என்ன லாபம்?
(வாசகர், மதுரை)

பதில்: மனசாட்சிச் சுதந்திரம். ஹெல்விஸ் நாடு திரும்பி, லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் இங்கிலாந்தின் முதல் பாப்டிஸ்ட் சபையைத் தொடங்கினார். யூதரோ, முஸ்லிமோ, யாருடைய ஆன்மாவின் மீதும் அரசனுக்கு அதிகாரம் இல்லை என்று 1612-ல் புத்தகமே எழுதினார். ஒரு பிரதியில் மன்னர் ஜேம்ஸுக்குத் தம் கைப்படக் குறிப்பும் எழுதினார். மன்னர் பதில் போடவில்லை. ஆளைத் தூக்கி நியூகேட் சிறையில் போட்டார்.