தார் வந்தால் தட்டிவிடு

போடிநாயக்கனூர்ப் பக்கத்து ஏலத்தோட்ட ஜீப்புகளில் கியர்க் கம்பியை ஒட்டி இரண்டு குட்டைக் கம்பிகள் நிற்கும். ஒன்று எஞ்சினின் இழுவையை முன் சக்கரங்களுக்கும் கொடுப்பது. மற்றது வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுவது. அதை ‘லோ’ என்பார்கள். முதல் கம்பியைப் போடாமல் இரண்டாவதைப் போட முடியாதபடி உள்ளே ஒரு பூட்டு உண்டு. லோவில் பெருகி வரும் இழுவை முழுவதையும் பின் அச்சு தனியாகத் தாங்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்த வில்லிஸ் ஜீப்பிலேயே அது இருந்தது. அந்த ஜீப்பை மஹிந்திரா நிறுவனம் 1940களின் கடைசியில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. 1980களில் நாங்கள் பார்த்த மலை ஜீப்புகள் எல்லாம் அதன் வழிவந்தவை.

என் சித்தப்பா அப்படி ஒரு ஜீப் ஓட்டினார். விடிவதற்குள் போடியில் ஆள் ஏற்றி, மலைத் தோட்டத்தில் இறக்கி, சாயங்காலம் திரும்ப அழைத்து வருவது அவர் வேலை. ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள், மடியில் தூக்குவாளியோடு. முந்தலைத் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு, அதற்கப்பால் கேரளம். அதுவரை தார்ச்சாலைதான். பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் தோட்டத்துக்குள் திரும்பியதும் தார் முடிந்து மண் தடம் தொடங்கும். ஜூனில் மழை பிடித்துவிட்டால் அந்தத் தடம் சேறும் உருளைக்கல்லுமாகக் கிடக்கும். பச்சைக் காய் மூட்டைகளை உலர்த்துகிற ஸ்டோருக்குக் கொண்டுபோகும்போது ஜீப்பின் பின்பக்கம் தரையை உரசுவது போல அழுந்தி இருக்கும்.

விடுமுறையில் அவரோடு போவேன். தடம் தொடங்குகிற இடத்தில் வண்டியை நிறுத்துவார். இறங்கி, முன் சக்கரங்களின் நடுவில் இருக்கும் ஹப்பை இரண்டு பக்கமும் திருகிவிட்டு வந்து, கம்பியைப் போடுவார். திரும்பி வரும்போது தார் கண்ணில் பட்டவுடன் கம்பியைத் தட்டிவிடுவார். சில நாள் கம்பி வராது. அப்போது பலவந்தம் செய்யமாட்டார். வண்டியைப் பின்னால் கொஞ்ச தூரம் எடுப்பார். கம்பி தானாக விட்டுக்கொடுக்கும்.

“தார் வந்துருச்சுன்னா முன் கியர் நமக்கு எதுக்குடா? தட்டிவிட்டுரணும். இல்லாட்டி வண்டி உள்ளுக்குள்ள முறுக்கிக்கிரும்” என்பார்.

அவருக்குப் பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. ஆனால் அவர் சொன்னது அப்படியே கணக்கு. ஒரு வண்டி திரும்பும்போது முன் சக்கரங்கள் பெரிய வட்டத்திலும் பின் சக்கரங்கள் சின்ன வட்டத்திலும் போகின்றன. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே இரண்டரை மீட்டர் உள்ள வண்டி, பின் அச்சு 5 மீட்டர் ஆரத்தில் வருமாறு செங்கோணமாக ஒரு தெருமுனை திரும்புகிறது என்று வையுங்கள். பின் அச்சின் நடுப்பகுதி ஏறத்தாழ 7.85 மீட்டர் போயிருக்கும். முன் அச்சு 8.78 மீட்டர் போயிருக்கும். ஒரு திருப்பத்துக்கே 90 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம். ஜீப்பில் ஃபோர் வீல் போட்டால், அச்சுகளுக்கு இழுவையைக் கொண்டுபோகும் முன் தண்டும் பின் தண்டும் ஒன்றாகப் பூட்டப்பட்டு ஒரே வேகத்தில்தான் சுற்றும். அந்த 90 சென்டிமீட்டர் எங்கே போவது? சேற்றிலும் மணலிலும் ஏதாவது ஒரு சக்கரம் கொஞ்சம் வழுக்கி அதைத் தீர்த்துவிடும். காய்ந்த தாரில் டயர் பிடித்துக்கொள்ளும், வழுக்காது. தீராத வித்தியாசம் தண்டுகளிலும் பற்சக்கரங்களிலும் முறுக்காக ஏறும். ஸ்டியரிங் கனக்கும், டயர் தேயும், ஒரு கட்டத்தில் பலவீனமான பாகம் எதுவோ அது உடையும். சித்தப்பா பின்னால் எடுத்தது அந்த முறுக்கைப் பிரிக்கத்தான்.

வாழ்நாள் முழுக்க நான்கு சக்கர இழுவை வண்டி ஓட்டிய மனிதர், ஒரு நாளில் அதைப் பயன்படுத்தியது சில மைல் தூரம்தான். மீதி நேரமெல்லாம் பின் சக்கர இழுவை. இன்றைக்கு நான் பார்ப்பது நேர்மாறு.

சென்னையில் என் அக்கா மகன் ஒரு பெரிய எஸ்யூவி வாங்கினான். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர். மழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்துகிற ஊர். பயம் நியாயமானது. வண்டியில் கம்பி கிடையாது. திருகுகிற ஒரு குமிழ் இருக்கிறது. இரண்டு சக்கரம், நான்கு சக்கரம், லோ. அவன் அதை நான்கில் வைத்தான், அப்படியே விட்டுவிட்டான். மேடவாக்கத்திலிருந்து துரைப்பாக்கம், துரைப்பாக்கத்திலிருந்து மேடவாக்கம்.

“எப்பவும் நாலு சக்கரமும் இழுத்தா பிடிமானம் நல்லா இருக்கும்ல மாமா? வித்தவங்களே பாதுகாப்புன்னுதான் சொன்னாங்க” என்றான்.

அலுவலகத்தின் அடித்தள நிறுத்தத்தில் திரும்பும்போதெல்லாம் வண்டி துள்ளியது. டயர்கள் காலத்துக்கு முன்பே தேய்ந்தன. குமிழைத் திருப்பினாலும் விளக்கு அணையவில்லை. கடைசியில், இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே சங்கிலி தளர்ந்துபோயிருந்தது. ஒரு நாள்கூட மண்ணில் இறங்காத வண்டி, மலைத்தடத்தில் இருபது வருஷம் உழைத்த ஜீப்புக்கு வராத நோயில் படுத்தது. அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவ்வளவு பணம் வாங்கிக்கொண்டு இந்த ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொடுக்காமல் அனுப்பியவர்கள் மேல்தான் வந்தது. சித்தப்பாவுக்கு அவருடைய முதல் முதலாளியின் டிரைவர் சொல்லிக்கொடுத்தார். அவனுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

இதில் குழப்பம் வருவதற்கு இடமும் இருக்கிறது. நான்கு சக்கர இழுவையை எப்போதும் வைத்து ஓட்டக்கூடிய வண்டிகள் உண்மையிலேயே உண்டு. முன் தண்டுக்கும் பின் தண்டுக்கும் நடுவே ஒரு டிஃபரென்ஷியல் வைத்துவிட்டால் இரண்டும் தத்தம் வேகத்தில் சுற்றும், முறுக்கு ஏறாது. 1970இல் வந்த ரேஞ்ச் ரோவரும் 1980இல் வந்த ஆடி குவாட்ரோவும் அந்த வகை. திருவள்ளூர் ஆலையில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் பூட்டிய பஜேரோவில், நடு டிஃபரென்ஷியலைத் திறந்து வைத்துத் தாரிலும் நான்கு சக்கரத்தில் ஓட்ட வசதி இருந்தது. ஆனால் பெயரை வைத்து முடிவு செய்ய முடியாது. 2009இல் இந்தியாவுக்கு வந்த ஃபார்ச்சூனரில் எப்போதும் நான்கு சக்கர இழுவை. 2016இல் வந்த அடுத்த ஃபார்ச்சூனரில் தேவைப்பட்டால் மட்டும் போடும் முறை. முதல் வண்டியை விற்று இரண்டாவதை வாங்கியவர் பழைய பழக்கத்தில் ஓட்டினால் கெடுதல். மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி இரண்டின் நான்கு சக்கர இழுவையும் சித்தப்பாவின் ஜீப் போலத்தான்: நடு டிஃபரென்ஷியல் கிடையாது, காய்ந்த சாலையில் இரண்டு சக்கரத்தில்தான் ஓட வேண்டும். கொட்டுகிற மழையில் வழுக்கும் நேர்ச்சாலையில் சிறிது தூரம் போட்டால் குடி முழுகாது. காய்ந்த தாரில், அதுவும் திருப்பங்களில், தினசரி ஓட்டுவதுதான் கேடு.

பாதுகாப்பு என்ற பேச்சையும் நேராகப் பார்த்துவிட வேண்டும். நான்கு சக்கர இழுவை வண்டியைக் கிளப்பும், ஏற்றும், சேற்றிலிருந்து மீட்கும். நிறுத்தாது. பிரேக் எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரத்துக்கும் உண்டு. ஈரச்சாலையில் உங்களைப் பிடித்து நிறுத்துவது டயரின் பள்ளம், அது 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்துவிட்டால் எவ்வளவு விலையுயர்ந்த வண்டியும் தண்ணீரின் மேல் மிதந்து போகும். வெள்ளத்திலும் அப்படியே. வண்டி எவ்வளவு ஆழம் தாங்கும் என்பதை எஞ்சின் காற்று இழுக்கும் குழாயின் உயரம் தீர்மானிக்கிறது. அந்தக் குழாய்க்குள் தண்ணீர் போனால் நான்கு சக்கரமும் சேர்ந்து நிற்கும்.

மலை இறக்கத்துக்கு வருவோம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ, ஆழியாறிலிருந்து வால்பாறை போகிற 40 வளைவுகளிலோ நல்ல தார்ச்சாலைதான் இருக்கிறது. அங்கே காய்ந்த நாளில் பூட்டிய நான்கு சக்கர இழுவையோடு போவது, முறுக்கு ஏறுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது என்று தேடிப் போவதற்குச் சமம். இறக்கத்தில் தேவை தாழ்ந்த கியர். ஏறின கியரிலேயே இறங்கு என்பது மலை டிரைவர்களின் பழைய விதி. தானியங்கிக் கியர் வண்டியிலும் கியரைக் கையால் குறைத்து வைத்துக்கொள்ள வழி இருக்கிறது.

இன்றைக்கும் சூரியநெல்லியில் நின்றால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். நகரத்திலிருந்து வந்த பெரிய பெரிய எஸ்யூவிகளை ஓரமாக நிறுத்திவிட்டு, குடும்பத்தோடு உள்ளூர் ஜீப்பில் ஏறிக் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறார்கள். தோட்டம் தேனி மாவட்டத்தில் இருக்கிறது. வண்டிப் பாதை கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்துதான். கல்லும் பள்ளமுமான அந்தத் தடத்தில் டிரைவர் எங்கே லோ போடுகிறார், எங்கே எடுக்கிறார் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தால் ஒரு பயணத்திலேயே பாதி பாடம் வந்துவிடும். சூரியோதயத்தைப் படம் பிடிப்பதோடு அவர் கையையும் கொஞ்சம் பாருங்கள். நல்ல சம்பளமும் மரியாதையும் இந்த ஜீப் டிரைவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம். தோட்டத்து ஆட்களை ஏற்றும் ஜீப்புகள் இன்னும் வயதானவையாக, அளவுக்கு மீறி ஆள் நிரம்பியவையாக ஓடுகின்றன. நான்கு சக்கர இழுவை உண்மையில் தேவைப்படுகிறவர்கள் அவர்கள். புதிய வண்டியின் விலை அவர்களுக்கு எட்டுவதில்லை.

அக்கா மகனின் வண்டி சரியாகிவிட்டது. இப்போது இரண்டு சக்கரத்தில் ஓட்டுகிறான். ஒரேயடியாக மறந்துவிடவும் கூடாது என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். முன் பாகங்களுக்கு எண்ணெய் போய்ச் சேருவதற்காக மாதம் ஒருமுறை 16 கிலோமீட்டராவது நான்கு சக்கரத்தில் ஓட்டச் சொல்கிறது டொயோட்டாவின் கையேடு. அந்த ஓட்டத்தை மண் சாலையில் வைத்துக்கொள்வது நல்லது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வண்டி நின்றால், இந்த வாரமே கையேட்டை எடுத்து அதில் நடு டிஃபரென்ஷியல் உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால், காய்ந்த தாரில் இரண்டு சக்கரத்திலேயே ஓட்டுங்கள். வண்டி விற்கிற நண்பர்களே, சாவியைக் கொடுக்கும் நாளில் மாலை போட்டுப் படம் எடுக்கிற நேரத்தில் ஐந்து நிமிஷம் ஒதுக்கி, அந்தக் குமிழை எப்போது திருப்ப வேண்டும், எப்போது தொடக்கூடாது என்று சொல்லி அனுப்புங்கள்.