விலை சொல்லாத காந்தம்

அமெரிக்காவில் எம்ஆர்ஐ எந்திரத்துக்குள் படுத்தால், முட்டி ஜவ்வில் விழுந்த சின்னக் கிழிசல்கூடத் தப்பாது. அந்தப் படத்துக்கு என்ன விலை என்பதை மட்டும் அந்த ஆஸ்பத்திரியில் ஒரு ஜீவனும் சொல்லாது.

கேட்டுப் பாருங்கள். “அது உங்கள் இன்சூரன்ஸைப் பொறுத்தது” என்பார்கள். இன்சூரன்ஸைக் கூப்பிட்டால், நெடுநேரம் பியானோ வாசித்துக் காட்டிவிட்டு, “கோடு நம்பர் என்ன?” என்பார்கள். 73721. மருந்து ஏற்றாமல் எடுக்கும் முட்டி எம்ஆர்ஐக்கு அதுதான் எண். ஜாதக நட்சத்திரம் மறந்த தமிழனுக்கும் அங்கே இது மனப்பாடம். “எங்கே எடுக்கப் போகிறீர்கள்?” “விலை தெரிந்தால் எங்கே என்று முடிவு செய்வேன்.” “பில் வந்தால்தான் விலை தெரியும், சார்.” மிகுந்த மரியாதையோடு சொல்வார்கள். மரியாதைக்கு அங்கே தட்டுப்பாடே கிடையாது.

சென்னை ஆட்டோக்காரரை எத்தனை வருஷம் திட்டியிருப்போம்! மீட்டர் போடாத அந்த மனிதர் காலில் இப்போது விழத் தோன்றுகிறது. அநியாய ரேட்டோ இல்லையோ, ஏறும் முன்பே வாயைத் திறந்து சொன்னார். இறங்கி ஆறு வாரம் கழித்து, “அது வண்டி ஓட்டியதற்கு, இது வழி பார்த்ததற்கு” என்று இன்னொரு பில் அனுப்பவில்லை. ஸ்கேனில் அதுதான் நடக்கிறது. எந்திரத்துக்கு ஒரு பில், படத்தைப் பார்த்து நாலு வரி எழுதிய ரேடியாலஜிஸ்டுக்கு ஒரு பில்.

எந்திரம் அதேதான், அரை மணி நேரமும் அதேதான். பெரிய ஆஸ்பத்திரிக்குள் எடுத்தால் ஆயிரக்கணக்கில் டாலர். சாலைக்கு எதிர்ப்புறம் தனி ஸ்கேன் சென்டரில் ரொக்கமாகக் கொடுத்தால் பல ஊர்களில் சில நூறு டாலர். இது ஏதோ கஞ்சன் கண்டுபிடித்த ரகசியம் அல்ல. 2017-இல் ஆந்தம் என்ற இன்சூரன்ஸ் கம்பெனியே, அவசியமில்லாமல் ஆஸ்பத்திரிக்குள் எடுக்கும் எம்ஆர்ஐ, சிடி ஸ்கேன்களுக்குப் பணம் தரமாட்டோம் என்று பல மாநிலங்களில் அறிவித்தது. தன் கல்லா என்றதும் எவ்வளவு தெளிவாகக் கண் தெரிகிறது பாருங்கள்.

நம் கல்லாவுக்கு வேறு நியாயம். டிடக்டபிள் என்று ஒன்று உண்டு. வருஷா வருஷம் அந்தத் தொகை வரைக்கும் உங்கள் கைப்பணம்தான். அதைத் தாண்டினால்தான் இன்சூரன்ஸ் கண்விழிக்கும். ‘உயர் டிடக்டபிள்’ என்று வருமான வரித் துறை ஒத்துக்கொள்ள, 2025-இல் தனி ஆளுக்கு அது குறைந்தது 1,650 டாலர் இருக்க வேண்டியிருந்தது. அந்தக் கைப்பணத்தையும் ரொக்க விலைக்குக் கொடுக்க முடியாது. இன்சூரன்ஸ் உங்களுக்காகப் பேரம் பேசி முடித்த விலைக்குத்தான் கொடுக்க வேண்டும். அது பல சமயம் ரொக்க விலையைவிட அதிகம்! மாதம் தவறாமல் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு, நமக்காகப் பேரம் பேசி, விலையை ஏற்றிக்கொண்டு வந்த மகராசன்கள். கார்டை ஒளித்துவிட்டு ரொக்கம் நீட்டினாலோ, அந்தப் பணம் பெரும்பாலும் டிடக்டபிள் கணக்கில் ஏறாது.

அந்தக் கணக்கு பெரும்பாலும் ஜனவரி 1 அன்று மறுபடி பூஜ்யம் ஆகிவிடும். ஸ்கேனுக்கு அனுமதி கேட்டால், உங்கள் முட்டியைக் கண்ணால்கூடப் பார்க்காத இன்சூரன்ஸ் டாக்டர், முதலில் ஆறு வாரம் பிசியோதெரபி செய்யட்டும் என்று திருப்பி அனுப்பி, டிசம்பரில் மனம் இரங்கி அனுமதி கொடுப்பார். ஸ்லாட் கிடைப்பது ஜனவரியில்.

ஊரிலிருந்து அம்மா அப்பாவை வரவழைத்தவர்கள் பாடு தனிக் கதை. விசிட்டர் இன்சூரன்ஸில் ‘முன்பே இருந்த நோய்’ பெரும்பாலும் சேராது. அறுபத்தெட்டு வயது உடம்பில் முன்பே இல்லாதது என்ன இருக்கிறது?

இவ்வளவுக்கும் அறிவுரை என்னவோ நமக்குத்தான். நாலு இடம் விசாரியுங்கள், சாமர்த்தியமான நுகர்வோராக இருங்கள். தலைக்குள் கட்டி இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் ராத்திரியெல்லாம் விழித்துக் கிடப்பவனிடம் போய் நாலு இடம் விசாரி என்கிறார்கள். விசாரித்துச் சலித்து, வலி மாத்திரையை விழுங்கிவிட்டு, ஸ்கேனே வேண்டாம் என்று வேலைக்குப் போகிறவனை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்? செலவு மிச்சம் என்றா?

சட்டம் இல்லாமல் இல்லை. ஆஸ்பத்திரிகள் தங்கள் விலைகளை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற விதி 2021 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்தது. மார்ச்சில் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ தோண்டிப் பார்த்தால், நூற்றுக்கணக்கான ஆஸ்பத்திரிகள் விலைப் பக்கத்தில் ஒரு வரி நிரல் எழுதி வைத்திருந்தன. கூகிளில் தேடினால் அந்தப் பக்கம் வராது! சட்டத்துக்குக் காட்ட ஒரு பக்கம், நோயாளி கண்ணில் படாமலிருக்க அதிலேயே ஒரு வரி. சம்பளம் வாங்கிக்கொண்டு யாரோ ஒரு என்ஜினியர் எழுதிய வரிதானே அது? நம்மில் ஒருவராகக்கூட இருக்கலாம். இந்த மாதிரி வேலைக்குத்தானே விசா வாங்கிப் போயிருக்கிறோம்.

2022-இல் இன்னொரு சட்டம் அமலுக்கு வந்தது. இன்சூரன்ஸ் இல்லாதவருக்கும் சொந்தக் காசில் எடுப்பவருக்கும் முன்கூட்டியே எழுத்தில் மதிப்பீடு தரவேண்டும். பில் அதற்கு மேல் 400 டாலராவது ஏறினால் எதிர்த்து முறையிடலாம். இன்சூரன்ஸ் வைத்திருப்பவருக்கும் முன்மதிப்பீடு உண்டு என்று அதே சட்டம் சொல்கிறது. அந்தப் பகுதியை அமல்படுத்துவதை மட்டும் தள்ளிப் போட்டுவிட்டார்கள். ஆக, விலையைத் தெரிந்துகொள்ள ஆசையிருந்தால் முதலில் இன்சூரன்ஸை விட்டொழிக்க வேண்டும்.

டிக்கெட் போட்டுச் சென்னைக்கு வந்து ஸ்கேன் எடுத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்து இனிமேல் சிரிக்க மாட்டேன். நம் ஊரிலும் யோக்கியர்கள் வரிசை கட்டி நிற்கவில்லை. எழுதிக் கொடுத்த டாக்டருக்குத் தனியார் சென்டரிலிருந்து போகும் ‘கட்’ ஊரறிந்தது. ஆனாலும், நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோன தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரியில், மருத்துவப் பணிகள் கழகம் நடத்தும் எம்ஆர்ஐ மையத்தில் 2,500 ரூபாய் என்று கட்டணம் வைத்திருக்கிறார்கள். காத்திருக்க வேண்டியிருக்கும். காத்திருப்பது எதற்கு, எவ்வளவுக்கு என்றாவது தெரியும்.

அமெரிக்காவில் விலையை மறைத்ததற்கு முதல் அபராதம் 2022 ஜூனில் விழுந்தது. ஜார்ஜியா மாநிலத்தில் நார்த்சைட் குழுமத்தின் இரண்டு ஆஸ்பத்திரிகளுக்கும் சேர்த்துச் சுமார் 11 லட்சம் டாலர். எடுத்த எடுப்பில் போட்டுவிடவில்லை. விதிப்படி முதலில் எச்சரிக்கைக் கடிதம், பிறகு திருத்தத் திட்டம் கேட்டு இன்னொரு கடிதம், போதிய அவகாசம், மேல்முறையீட்டு உரிமை. ரேட்டும் முன்கூட்டியே அச்சில் இருந்தது: 30 படுக்கைக்கு மேல் என்றால் படுக்கைக்கு நாளொன்றுக்கு 10 டாலர், எவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியானாலும் நாளுக்கு 5,500-க்கு மேல் கிடையாது. அதே ஆஸ்பத்திரிக் கவுண்டரில் போய் ஒரு முட்டி ஸ்கேனுக்கு இப்படி ஒரு ரேட் கேட்டால் சொல்வார்கள், “அது உங்கள் இன்சூரன்ஸைப் பொறுத்தது, சார்.”