பண்டிகை நாளில் ரெக்ரூட்டாக இருப்பது எப்படி?

தம்பி, அக்னிவீராகத் தேர்வாகி வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டருக்குள் டிரங்குப் பெட்டியோடு போய்விட்டாய். வாழ்த்துகள். 1758-ல் தொடங்கிய படை, உனக்காக எதையும் மாற்றிக்கொள்ளாது. பயிற்சி முடிவதற்குள் ஓணமோ தீபாவளியோ பொங்கலோ ஏதாவது ஒன்று குறுக்கே வந்துதான் தீரும். வருஷத்துக்கு 30 நாள் லீவு உண்டு என்று படித்திருப்பாய். அதைப் பயிற்சியின் நடுவே கேட்டுப் பார்க்கலாமா என்றால், தாராளமாகக் கேட்கலாம். அதற்குப் பதில் வாயால் வருமா, ஃப்ரன்ட் ரோல் தண்டனையாக வருமா என்பது பயிற்சி தரும் உஸ்தாதின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது.

ராத்திரி ரோல் காலில் “நாளைக்கு பரேட் இல்லை” என்று சொன்னால் துள்ளிக் குதிக்காதே. பரேட் இல்லாத நாளில்தான் ஏரியா வேலை. புல் பிடுங்கவேண்டும், பாதையோரக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடிக்கவேண்டும், மரத்தடிக்குக் காவிப்பட்டை தீட்டவேண்டும். ஊரில் அம்மா கோலத்துக்குக் காவி கரைக்கும் அதே நேரத்தில் நீயும் காவிதான் கரைத்துக்கொண்டிருப்பாய். உன் வாளி பெரிசு, அவ்வளவுதான்.

தீபாவளிக்கு எண்ணெய்க் குளியல் கட்டாயம் என்று பாட்டி சொல்லி அனுப்பியிருப்பார். எண்ணெய் தேய்க்க முதலில் தலையில் முடி வேண்டும். அது போகட்டும். இடம் சுமார் 6,000 அடி உயரம். வடகிழக்குப் பருவமழை குன்னூர்ப் பக்கம் கொட்டுகிற காலம். விடியலில் குழாய்த் தண்ணீர் முதுகில் பட்டதும் வாய் தானாக ஏதாவது சாமி பேரைச் சொல்லும். பாட்டி கேட்டால் அந்தப் பக்தியை மட்டும் சொல். நனைந்த பிடி ஷூ அன்றைக்குக் காயாது, மறுநாளும் காயாது. உள்ளே பழைய பேப்பரைத் திணித்துக் கட்டிலடியில் வை. ஈரம் கொஞ்சம் இறங்கும், நாற்றம் இறங்காது.

வெடி கிடையாதே என்று வருத்தமா? ஃபயரிங் ரேஞ்ச் நாள் வரட்டும். சுட்டு முடித்ததும் காலித் தோட்டா கேஸ்களைப் பொறுக்கி எண்ணி ஒப்படைக்கவேண்டும். ஒன்று குறைந்தால் மொத்தப் பேரும் குனிந்து புல்லைத் துழாவுவார்கள். தீபாவளிக்கு மறுநாள் வெடிக்காத வெடியைத் தேடித் தெருவெல்லாம் அலைந்தவனுக்கு இதில் கண் கூர்மை அதிகம். ஊர் கற்றுக்கொடுத்த வித்தை வீண்போகவில்லை.

பொங்கல்தான் விசேஷமானது. 1949 ஜனவரி 15 அன்று பிரிட்டிஷ் ஜெனரல் ராய் புச்சரிடமிருந்து கரியப்பா இந்திய ராணுவத்தின் தலைமைப் பொறுப்பேற்றார். அதனால் அந்தத் தேதி ராணுவ தினம். பல வருஷம் நம் பொங்கலும் அதே நாளில்தான் வரும். தேதியைக் கரியப்பா தை பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை, ஆனால் உனக்கு லாபம். பேண்டு வாசிப்பது சூரியனுக்கா ராணுவத்துக்கா என்று யாரிடமும் கேட்காமல் மனசுக்குள் பொங்கலோ பொங்கல் என்று கூவிக்கொள். முகம் மட்டும் சாவ்தானில், அதாவது அட்டென்ஷனில், இருக்கட்டும்.

விழா என்றால் படா கானா, அதாவது பெரிய விருந்து. முந்தைய நாளே லங்கர் என்கிற சமையற்கூட வேலைக்குக் கை தூக்கிவிடு. நல்ல பிள்ளை என்று பேர் வரும் என்பதற்காக இல்லை. ஜனவரிக் குளிரில் சூடாக இருக்கிற இடம் அடுப்பங்கரை ஒன்றுதான். பூண்டு உரித்தபடி ரெண்டு மணி நேரம் விறைக்காமல் இருக்கலாம். மறுநாள் பந்தியில் அதிகாரிகளே ஜவான்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள், பரிமாறவும் செய்வார்கள். இங்கேதான் ஆபத்து. முழு லட்டை வாய்க்குள் தள்ளிய அந்த நொடியில்தான் மேஜர் சாப் எதிரில் நின்று “சாப்பாடு எப்படி?” என்பார். ஆகவே லட்டைப் பிட்டுத் தின்னப் பழகு. பதில், “பஹுத் அச்சா, சாப்.” இதைத் தவிர எந்த விமர்சனமும் இதுவரை பதிவானதாகத் தெரியவில்லை.

போன் கையில் கிடைக்கும் நேரத்துக்குப் பொய்களைத் தயாராக வைத்திரு.

“குளிருதாடா?”

“இல்லம்மா, நம்ம ஊரு மாதிரியேதான்.”

“அடிக்கிறாங்களா?”

“சேச்சே, அண்ணன் மாதிரி பாத்துக்கறாங்க.”

பின்னால் உஸ்தாத் நிற்கிறாரா என்று பார்த்துவிட்டு இரண்டாவது பொய்யைக் கொஞ்சம் சத்தமாகச் சொல். அம்மா அழ ஆரம்பித்தால் அப்பாவிடம் கொடுக்கச் சொல். அப்பா “ம்… சரி… உடம்பப் பாத்துக்க” என்று சொல்லிவிட்டுத் திரும்ப அம்மாவிடமே கொடுத்துவிடுவார். அதற்கும் தயாராக இரு.

கடைசியாக, ஊரிலிருந்து வரும் பார்சல். அதிரசத்தை ஒளித்துவைக்க நினைக்காதே. கிட் எல்லாம் அளந்து மடித்து அடுக்கியிருக்கும் பெட்டியில் ஒரு முறுக்குக்குக்கூட மறைவிடம் இல்லை. திறந்ததும் கொல்லம்காரன், குண்டூர்காரன், ஹாசன்காரன் என்று நாலு மொழியிலும் கை நீளும். முதல் ஒன்றை நீ எடுத்துக்கொள், பிறகு கிடைக்காது. காலி டப்பாவைக் கழுவித் துடைத்து வை. பிராஸோவும் பாலிஷ் துணியும் போட்டுவைக்க அளவாக இருக்கும்; அதைப் பார்த்து கிட் இன்ஸ்பெக்‌ஷனில் உஸ்தாத் ஒன்றும் சொல்லமாட்டார், மோந்து பார்க்காதவரை.